கிராம சபைத் தீர்மானம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர்க் கால்நடைகள் மேயும் பொது நிலம் இருக்கிறது. அதில் பக்கத்து நகராட்சியின் குப்பைக் கிடங்கு வரப்போவதாகப் பேச்சு. இன்னொரு பக்கம், ஒருவர் வயலை வாங்கி பிளாட் போட்டு "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விற்கிறார். கிராம சபையில் தீர்மானம் போட்டால் இந்த இரண்டையும் நிறுத்த முடியுமா?

நிலத்துக்கு நிலம் பதில் மாறும். அந்த நிலம் அரசுப் பதிவேட்டில் என்ன வகையில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அதை மாற்ற எந்தச் சட்டப்படி யார் கையெழுத்துப் போட வேண்டும், இதைப் பொறுத்துத்தான் தீர்மானத்தின் பலம். இதைப் பார்க்காமல் "வேண்டாம்" என்று மட்டும் எழுதிய நல்ல தீர்மானங்கள் பல, கலெக்டர் அலுவலகத்தில் பதில்கூட இல்லாமல் கிடக்கின்றன. ஆகவே கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்.

முதல் காகிதம் அ பதிவேடு, அதாவது ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் அரசுப் பதிவேடு. வி.ஏ.ஓ.விடம் இருக்கும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலும் புல எண்ணைப் போட்டால் கிடைக்கும். ஒரு வரிதான் இருக்கும், ஆனால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். புல எண், உட்பிரிவு, அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நன்செயா புன்செயா புறம்போக்கா, அப்புறம் பரப்பு. பரப்பு 1.21.5 என்று இருந்தால் 1 ஹெக்டேர் 21.5 ஏர், நம் கணக்கில் 3 ஏக்கர். கடைசியில் குறிப்புக் கலம். "மேய்க்கால்", "களம்", "ஓடை", "சுடுகாடு", "தோப்பு", "வண்டிப்பாதை" என்று அங்கே எழுதியிருக்கும் ஒரு சொல்தான் உங்கள் வழக்கின் உயிர்.

ஊரில் எல்லோரும் மேய்க்கால் என்று சொல்லும் இடம் பதிவேட்டில் "தீர்வை ஏற்படாத தரிசு", அதாவது நிலவரி விதிக்கப்படாத தரிசு என்று இருப்பது உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்கிறோமே அதில், எத்தனையோ இடங்களில் வகைப்பாடு தவறாக ஏறிவிட்டது. அப்படி இருந்தால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை மாவட்ட ஆவணக் காப்பறையில் மனு போட்டு வாங்குங்கள். பழைய பதிவில் மேய்க்கால் என்று இருந்தால் உங்கள் கை வலுக்கிறது.

மேய்க்கால் என்பது உறுதியானால், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவு உங்களுக்கு வேண்டும். மேய்ச்சல் தரை, களம், இடுகாடு சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் வசம் என்று அது சொல்கிறது. ஆனால் அதே பிரிவில், அரசுக்குக் குறிப்பிட்ட தேவை எதுவும் இல்லாத நிலங்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மேடையில் பேசுபவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், அதிகாரிகள் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சட்டம். அரசு தேவை என்று சொல்லி எடுக்கலாம், ஆனால் முறைப்படி ஃபைல் போட்டு, வகை மாற்றம் செய்துதான் எடுக்க வேண்டும். லாரியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அப்புறம் ஃபைல் போடுவது முறையல்ல.

அந்த ஃபைல் எப்படி நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது. நகராட்சி இடம் கேட்டு எழுதும். தாசில்தார் வி.ஏ.ஓ.விடமும் வருவாய் ஆய்வாளரிடமும் அறிக்கை கேட்பார். சர்வேயர் அளந்து வரைபடம் போடுவார். ஊரில் ஆட்சேபணை உண்டா என்று விளம்பரம் செய்ய வேண்டும். அதோடு உள்ளாட்சி அமைப்பின் தீர்மானமும் ஃபைலில் சேர வேண்டும். பிறகு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், கலெக்டர் என்று மேலே போகும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது, ஒரு ஊராட்சியில் இரண்டு தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றன என்பதை. ஒன்று கிராம சபையுடையது, ஊரில் வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள். இன்னொன்று ஊராட்சி மன்றத்துடையது, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுகிற கூட்டம். நில மாற்ற ஃபைலில் வழக்கமாகப் போய் உட்காருவது இந்த இரண்டாவது புத்தகத்தின் நகல். "மேற்படி நிலத்தை மேற்படி தேவைக்கு வழங்க இம்மன்றத்திற்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி. மின்விளக்கு வாங்கியது, போர்வெல் மோட்டார் பழுது பார்த்தது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது என்று வரிசையாக வரும் தீர்மானங்களுக்கு நடுவே அது கிடக்கும். கையெழுத்துப் போட்ட வார்டு உறுப்பினரைக் கேட்டால், செலவுச் சீட்டுக்குப் போடுகிறோம் என்று நினைத்தேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பல ஊர்களில் கூட்டமே நடக்காமல் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறது.

அதனால் நீங்கள் கிராம சபையில் எவ்வளவு ஆவேசமாகத் தீர்மானம் போட்டாலும், ஆறு மாதம் முன்பே மன்றம் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதிகாரி அதைத்தான் எடுத்துக் காட்டுவார். முதல் வேலையாக மன்றத் தீர்மானப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "குப்பைக் கிடங்கு பற்றிய தீர்மானம்" என்று கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வரலாம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று காலத்தைக் குறிப்பிட்டு எல்லாத் தீர்மானங்களையும் கேளுங்கள். முப்பது நாளில் தர வேண்டும்.

கிராம சபை விஷயத்துக்கு வருவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை நடந்தது. 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு. மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கணக்கு உண்டு. 500 வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கை வருகைப் பதிவேட்டில் கையெழுத்தாக இருக்க வேண்டும். பந்தலில் நின்றவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கு முடிக்கிற ஊர்களில், கேள்வி கேட்க வந்தவரின் கையெழுத்து மட்டும் விட்டுப்போகும். போனதும் முதலில் கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டத்துக்கான பொருள் பட்டியல் பெரும்பாலும் மேலிடத்திலிருந்து அச்சடித்து வரும். டெங்கு, பிளாஸ்டிக், குடிநீர்ச் சிக்கனம், திட்டங்களின் வரவு செலவு. உங்கள் ஊர் விஷயம் "இதர பொருள்கள்" என்ற கடைசி இடத்தில்தான் நுழைய முடியும். அதைக் கூட்டத்தில் வாயால் சொல்வதை விட, ஒரு வாரம் முன்பே தலைவரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ஏறத்தாழ இப்படி: "புல எண் இன்னது, பரப்பு இன்னது, அ பதிவேட்டில் மேய்க்கால் என வகைப்படுத்தப்பட்டு, ஊராட்சிகள் சட்டம் 134-ஆவது பிரிவின்படி இவ்வூராட்சியின் வசமுள்ள நிலம். இதில் இத்தனை குடும்பங்களின் கால்நடைகள் மேய்கின்றன. இதன் கிழக்கே இத்தனை மீட்டரில் குடிநீர்க் கிணறு உள்ளது. ஆகவே இதை வகை மாற்றம் செய்ய இக்கிராம சபை ஆட்சேபணை தெரிவிக்கிறது. இதற்கு மாறாக மன்றம் ஏதேனும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தால் அதை மறுபரிசீலனை செய்யக் கோருகிறது." கூட்டம் முடிந்ததும் புத்தகத்தில் அது எழுதப்பட்டு, தலைவர் கையெழுத்திடும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள். வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்கி, அப்புறம் நிரப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசகத்தில் கிணற்றின் தூரத்தைச் சும்மா சேர்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை நிரப்பு தளத்துக்குத் தூரம் வகுத்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர். உங்கள் இடம் இந்தக் கணக்கில் அடிபட்டால், அது "ஊர் மக்கள் விரும்பவில்லை" என்பதை விடப் பல மடங்கு பலமான ஆட்சேபணை. டேப் பிடித்து அளந்து, புலப்படத்தில் குறித்து இணையுங்கள்.

நீதிமன்றம் போகும் நிலை வந்தால் இரண்டு தீர்ப்புகள் கைகொடுக்கும். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஒரு கிராமத்தின் குளத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொன்னதோடு, எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நீர்நிலை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2005-ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பு இருக்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. ஏரி விஷயத்தில் யாரிடம் மனு கொடுப்பது என்பதில் குழப்பம் வரும். 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி, குட்டை ஊராட்சியிடம்.

குப்பை பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரத்துக் குப்பை கிராமத்துக்கு வருவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அந்த நகராட்சிக்கு வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, அதன் மன்றத்தில் உங்களுக்காகப் பேச ஆள் இல்லை, ஆனால் நாற்றம் உங்களுக்கு. அதே சமயம் உங்கள் ஊராட்சியின் குப்பை இப்போது எங்கே போகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஓடைக்கரையில் எரிந்துகொண்டிருக்கும். ஒன்றிய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டுத் தந்தார்கள். அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று அதே கிராம சபையில் கேளுங்கள். தன் குப்பையைத் தரம் பிரித்துக் கையாளுகிற ஊர் ஆட்சேபணை சொன்னால் அதிகாரிகளும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இனி பிளாட் விவகாரம். இதில் உங்கள் கை இன்னும் வலுவானது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற ஒன்றுக்கு லேஅவுட் விஷயத்தில் சட்டப்படி மதிப்பில்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின், அதாவது டி.டி.சி.பி.யின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அது வந்த பிறகுதான் ஊராட்சி இறுதி அனுமதி தர முடியும். தலைவர் லெட்டர் பேடில் சீல் வைத்துக் கொடுத்த காகிதத்தை நம்பி வாங்கியவர்கள் பட்ட பாட்டை 2016-இல் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பெண்ணின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டிருந்த மனைகள் எல்லாம் அப்படியே முடங்கின. பிறகு 2017-இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. புதிதாகப் போடுபவருக்கு அது பொருந்தாது.

வயலை மனையாக்குவதற்கே தனி அனுமதி உண்டு. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஒப்புதல் வேண்டும். நன்செய் என்றால் கலெக்டரின் இசைவும் வேண்டும். அந்த வயலுக்குப் பக்கத்து வாய்க்கால் எங்கே போகிறது, அதில் பாயும் நிலம் எவ்வளவு என்பதை எல்லாம் அப்போது எழுதிக் கொடுக்கலாம். பிளாட் போடுபவர் முதலில் செய்வது வாய்க்காலை மண் கொட்டி மூடுவதுதான். அதைப் பார்த்த அன்றே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து மனு கொடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டால் அங்கே வாய்க்கால் இருந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முறையாக அங்கீகாரம் வாங்கினாலும் ஊராட்சியின் வேலை முடியவில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. லேஅவுட்டின் சாலைகளை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொது ஒதுக்கீடாகவும் ஒப்படைக்க வேண்டும். 5 ஏக்கர் லேஅவுட்டில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் ஊருக்கு வரும். ஒரு அங்கன்வாடியின் முன்னால் குழந்தைகள் ஓடி விளையாட அதில் பாதி போதும். ஆனால் பத்திரம் பதிவானதோடு அந்த இடத்தை மறந்துவிடுகிற ஊராட்சிகள்தான் அதிகம். வேலி கிடையாது, பலகை கிடையாது, பட்டாவும் ஊராட்சி பெயருக்கு மாறியிருக்காது. பத்து வருடம் கழித்து அதுவே "கார்னர் பிளாட்" ஆக விலைக்கு வரும். உங்கள் ஊராட்சியில் இதுவரை எத்தனை லேஅவுட், எத்தனை தானப் பத்திரம், அந்த இடங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கேளுங்கள். குப்பைக் கிடங்கை எதிர்ப்பதற்குக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆள் இதற்குக் கூடினால்கூட ஊரின் பல சென்ட் நிலம் மீளும்.

அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் வீடு கட்டியவர்களும் நாளைக்கு உங்கள் ஊராட்சியிடம்தான் தெருவிளக்கும் தண்ணீரும் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். 500 வீட்டுக்கு என்று கட்டிய மேல்நிலைத் தொட்டியிலிருந்து 700 வீட்டுக்குத் தண்ணீர் விட வேண்டி வரும்போது, பழைய தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். நிலத்தைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் நான்கு வருடம் கழித்துத் தண்ணீர்ப் பிரச்சினையாகவோ சாக்கடைப் பிரச்சினையாகவோ திரும்பி வருகிறது. பிளாட் போடும்போது சும்மா இருந்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்வதால் பெரிய பயன் இல்லை.

சரி, பெரிய திட்டங்கள்? பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். நிலம் எடுக்கும் பணி அதனால் நிற்கவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் திட்டத்துக்கு 80 சதவீத நில உரிமையாளர் ஒப்புதல் என்றெல்லாம் உண்டு. ஆனால் தமிழ்நாடு தன் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தச் சட்டத்தில் எடுத்தால் கிராம சபையின் சம்மதம் கட்டாயமில்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றதே என்று கேட்பீர்கள். அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது, உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடியினருக்கு அரசியலமைப்பு தனிப் பாதுகாப்பு தரும் பகுதி என்று எதுவும் இல்லை. மலைக் கிராமங்களுக்கு வன உரிமைச் சட்டம் கைகொடுக்கும், சமவெளி ஊர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

இதற்காகத் தீர்மானமே வீண் என்று நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று 2024-இல் ஏலம் விட்டபோது, சுற்றிலும் உள்ள ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் அதைச் செய்யவில்லை, ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரைக்கு நடந்ததும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் அரிட்டாபட்டியை 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள். கையில் அந்த அரசாணை இருந்தது. நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டப் பாதுகாப்பு வாங்கி வைத்திருந்த ஊர் அது.

ஊராட்சி ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு நம் எல்லையை ஒட்டிய கேரளத்துப் பிளாச்சிமடைதான் சாட்சி. கோகோ கோலா ஆலைக்கு 2000-இல் உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. கிணறுகள் கெட்டுப்போன பின் 2003-இல் அதைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே ஊராட்சி. கேரள உயர் நீதிமன்றத்தில் அந்த ஆண்டு டிசம்பரில் ஊருக்குச் சாதகமான தீர்ப்பு, 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வில் ஆலைக்குச் சாதகமான தீர்ப்பு. 2004 மார்ச்சில் மூடிய ஆலை திறக்கவே இல்லை என்றாலும், ஒரு சிறிய ஊராட்சி உச்ச நீதிமன்றம் வரை இழுபட்டது. தன் முதல் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைக் கேட்டிருந்தால் அத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் ஒரு விஷயம். உங்கள் மாவட்டம் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஒன்று என்றால், அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராக வந்தார். மன்றம் போடவேண்டிய தீர்மானத்தை அந்தக் காலத்தில் அவர் ஒருவரே போடலாம். 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் இருந்தது. "ஆட்சேபணை இல்லை" என்ற வரி ஓசையில்லாமல் எழுதப்படுவதற்கு இதை விட வசதியான காலம் கிடையாது. நகல் கேட்கும்போது தனி அலுவலர் காலத் தீர்மானங்களையும் சேர்த்துக் கேளுங்கள். நகராட்சியோடு உங்கள் ஊராட்சியை இணைக்கும் பேச்சு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இணைத்துவிட்டால் கிராம சபையே இருக்காது, 134-ஆவது பிரிவும் பொருந்தாது, குப்பை கொட்டுகிறவரும் நிலத்துக்குப் பொறுப்பானவரும் ஒருவரே ஆகிவிடுவார். 2025 தொடக்கத்தில் இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று பல ஊர்களில் போராடினார்கள். ஊர்ப் பொது நிலத்தின் மீதான பிடி போவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கலெக்டர் ஊராட்சிகளின் ஆய்வாளரும் ஆவார். மன்றத்தின் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எனவே கூட்டம் கூடாமலே எழுதிய தீர்மானம் என்று காட்ட முடிந்தால், அவரிடம்தான் மனு. அடுத்த கிராம சபை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அ பதிவேட்டு நகலை எடுங்கள், தீர்மானப் புத்தக நகலுக்கு மனு போடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் நில மாற்ற ஃபைலுக்கு எண் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்புக் கலத்தில் என்ன சொல் இருக்கிறது என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். மேய்க்கால் என்றால் ஒரு வழி, தரிசு என்றால் வேறு வழி, அதற்கேற்ற ஆட்சேபணை மனுவின் வாசகத்தை எழுதித் தருகிறேன்.